வெள்ளவத்தை மட்டும் நின்ற கசப்பு

துப்பிப் போட்டுச் சொன்ன தீர்ப்பும் ஒரு தீர்ப்பா என்ற கேள்வியைப் பேதுரு பத்துப் பன்னிரண்டு வருசமாய் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தான். நெஞ்சுக்குள் என்று பேருக்குத்தான். கொட்டாஞ்சேனையில் அந்தக் கதை தெரியாத ஆள் இல்லை. சலூனில் தலையைக் குனிந்துகொண்டும் சொல்லுவான். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைச் சனத்துக்குள் மெழுகுதிரியோடு நின்றும் சொல்லுவான்.

"சோறு வெந்திட்டுதா எண்டு வாயில போட்டுப் பாத்துத் துப்புறவளை நீ எங்கயாவது கண்டிருக்கிறியா? இந்த மனுசன் துப்புவார். துப்பிப்போட்டு, என்ட பீப்பாவைச் சாக்கடைக் காணுக்குள்ள ஊத்தச் சொல்லுவார்."

அந்த மனுசனுக்குப் பெயர் கதிர்காமநாதன். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை, துறைமுகத்துக்குப் பின்பக்கம் பெரியதம்பி முதலாளியின் ஸ்டோர்சில். முதலாளி ஸ்டவுட் என்கிற கடும் கறுப்புப் பியரை மொத்தமாய் எடுப்பார். அதை முன்பு சாராயம் கிடந்த மரப்பீப்பாக்களில் நிரப்பி ஒரு வருசம், ஒன்றரை வருசம் இருட்டில் கிடக்க விடுவார். பிறகு போத்தலில் அடைத்துக் கப்பல்களுக்குக் கொடுப்பார். பிள்ளை பெற்றவளுக்கு முட்டை அடித்துக் கொடுக்கிற ஸ்டவுட் இல்லை இது. அது மருந்து. இது தாரும் கருப்பட்டியும் கலியாணம் கட்டி, சாராயத்தைச் சீதனமாய் வாங்கின மாதிரி என்பான் பேதுரு.

பீப்பா பேதுருவின் பொறுப்பு. உள்ளே கிடக்கிறது கதிர்காமநாதனின் பொறுப்பு. பீப்பா திறக்கிற நாளில் அவர் ருசி பார்ப்பார். சரியென்றால் பீப்பாவின் தலையில் வெள்ளைச் சோக்கால் ஒரு வட்டம் போடுவார். இல்லையென்றால் ஒரு கோடு. கோடு விழுந்தால் போச்சு. முதலாளி மறு கேள்வி கேட்க மாட்டார்.

எண்பத்தைந்தில் பேதுரு ஒரு பீப்பா கட்டினான். மருதானையில் ஒரு பழைய சாராயத் தொட்டியை உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தானே போய்ப் பலகை பலகையாய்த் தட்டிப் பார்த்து எடுத்தான். ஹல்மில்ல மரம், நம்முடைய ஆட்கள் சாவண்டலை என்பார்கள். ஆணி இல்லை, பசை இல்லை. நெருப்பில் வாட்டி, வளைத்து, இரும்புப் பட்டை அடித்து இறுக்கினான். அதற்குள் ஸ்டவுட் கிடந்து, திறக்கிறதுக்கு முதல் நாள் பின்னேரம், ஒருத்தருக்கும் தெரியாமல் ஒரு மிடறு குடித்துப் பார்த்தான். வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வந்து கால் கழுவும்போதும் அந்த ருசி தொண்டையில் நின்றது. "சோறு போடாதே" என்று மனிசிக்குச் சொன்னான். சாப்பிட்டால் அது போய்விடும் என்ற பயம்.

மறுநாள் கதிர்காமநாதன் ஒரு வாய் எடுத்தார். உருட்டினார். மரத்தூள் போட்ட வாளிக்குள் துப்பினார்.

"முன்னுக்கு இனிப்பு. நடுவில கயர்ப்பு, பிஞ்சு வாழைக்காய் மாதிரி. பிறகு ஒண்டுமில்லை, வெறும் வாய்" என்றார். கோட்டைப் போட்டுவிட்டுச் சோக்குக் கையைத் தட்டிக்கொண்டு போனார்.

பின்பக்கத்துக் காண் நிறைய மண்ணிற நுரை. தெருநாய் ஒன்று வந்து நக்கிப் பார்த்துவிட்டு, தலையைச் சரித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது.

"பாருங்கடா. நாய்கூட விழுங்கிப்போட்டுத்தான் யோசிக்குது" என்றான் பேதுரு, அவருக்குக் கேட்கத்தக்கதாய்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பிடித்து இரண்டு பேருக்கும் இடையில் வேலைக் கதையைத் தவிர வேறு கதை இல்லை.

*

கதிர்காமநாதன் வடக்கே சுழிபுரத்து ஆள். மெலிந்த உடம்பு, நீட்டு மூக்கு. ஸ்டோர்சுக்கு வந்தது கணக்கெழுதும் கிளாக்காகத்தான். ஒருநாள் போத்தல் கழுவுகிற பக்கத்தால் நடந்து போனவர் நின்று, "இந்த அடுக்கில ஏதோ ஒரு போத்தலுக்குள்ள மண்ணெண்ணெய் இருந்திருக்குது" என்றார். சிரித்தார்கள். தேடினார்கள். இருந்தது. அதோடு முதலாளி அவரைப் பேனாவிலிருந்து பிரித்துப் பீப்பாவோடு சேர்த்துவிட்டார். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் முன் மண்டபம் எரிந்து, அவர் குடும்பத்தோடு அகதி முகாமில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தபோதும், வாசலில் நின்று மணந்து பார்த்துவிட்டு, "புகை பீப்பாவுக்குள்ள இறங்கேல்ல" என்றுதான் முதல் சொன்னாராம்.

ருசி பார்க்கிற நாள் அவருக்கு விரத நாள் மாதிரி. பேக்கரிப் பாணும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. மிளகாய் இல்லை, வெங்காயம் இல்லை, தேத்தண்ணி இல்லை. சவுக்காரம் போட்டுக் கை கழுவ மாட்டார். நெற்றியில் திருநீறு இருக்கும், சந்தனம் இருக்காது. சந்தனம் மூக்கை மறைக்கும் என்பார். ஸ்டவுட்டைக் குளிர வைக்க விடமாட்டார். "குளிரில நாக்குச் செத்துப்போகும்" என்று கிளாசை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பிடித்துக்கொண்டு நிற்பார், குருவிக்குஞ்சைப் பிடித்த மாதிரி. அவர் கிட்ட நிற்கும்போது ஒருத்தரும் பீடி பற்றவைக்கக் கூடாது.

பேதுருவும் பற்றவைக்க மாட்டான். ஆனால் அந்த நாளில் பார்த்துக் கருவாட்டுச் சம்பல் கட்டிக்கொண்டு வருவான். காற்று எந்தப் பக்கத்தால் வருகிறதென்று பார்த்து, அந்தப் பக்கத்தில் குந்தியிருந்து பார்சலை அவிழ்ப்பான். கதிர்காமநாதன் கிளாசோடு மற்றப் பக்கம் போவார்.

வெள்ளவத்தையில் அவருடைய சொந்தக்காரர் ஒரு பகிடி வைத்திருந்தார்கள்: சிவமணியின்ர புருசனுக்கு என்ன வேலை, குடிக்கிற வேலை. பேதுருவும் அவர் வீட்டுக்குப் போய்க் குடிக்கிறவர் என்றுதான் நினைத்திருந்தான். ஸ்டோர்சில் துப்புவது பெரியமனுசத்தனம் காட்ட என்பது அவனுடைய முடிவு.

*

தொண்ணூற்றேழில் ஸ்டோர்ஸ் மெலிந்துபோயிற்று. சண்டையால் கப்பல்கள் குறைந்தன. ஹோட்டல்கள் வெறிச்சோடின. ஒவ்வொரு பீப்பாவாய் வெறுமையாகி, கடைசியில் நிறைந்து கிடந்தது ஒன்றே ஒன்று. அது பேதுருவின் பீப்பா, அன்றைக்குக் கோடு விழுந்த அதே பீப்பாதான். உடைக்க விடாமல் மூலையில் வைத்திருந்து, முதலாளியின் காதைத் தின்று, ஒன்றரை வருசத்துக்கு முன் திரும்பவும் அதை நிரப்ப வைத்திருந்தான்.

பெரியதம்பி முதலாளி கால் வீங்கி வெள்ளவத்தை வீட்டோடு கிடந்தார். பருப்பு மூட்டை அடுக்க ஒருத்தர் பின் மண்டபத்தை வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி சொல்லி அனுப்பினார்: அந்தப் பீப்பா சரியென்றால் மண்டபத்தைக் கொடுக்கவில்லை, இன்னும் நாலைந்து பீப்பா நிரப்புவோம். சரியில்லையென்றால் பீப்பா எல்லாம் பொரளையில் ஒரு பேக்கரிக்கு விறகு. கதிர்காமநாதன் ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு நேரே வந்து வாயால் சொல்லட்டும்.

பீப்பா இல்லாத ஸ்டோர்சில் பீப்பாக்காரனுக்கு என்ன வேலை? அதை ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

காலையில் கதிர்காமநாதன் ருசி பார்த்தார். பேதுரு அன்றைக்குக் கருவாட்டுச் சம்பல் கட்டிவரவில்லை. அவர் உருட்டினார், துப்பினார், ஒரு துண்டுப் பாண் தின்றார், இன்னொரு தரம் எடுத்தார், துப்பினார்.

"என்ன, ஐயா?"

"அதே பீப்பா, அதே கதை. முன்னுக்கு நல்லம். நடுவில கயர்க்குது. பிறகு ஒண்டுமில்லை."

"அப்ப இதைத்தான் முதலாளியிட்டச் சொல்லப் போறீங்க."

"வேற எதைச் சொல்ல?"

"நானும் வாறன். எனக்கும் வாய் இருக்குது. தொண்டையும் இருக்குது."

ஸ்டோர்சின் வேனை ஓட்டுகிறவன் ஷிப்லி, கொச்சிக்கடை ஆள். இரண்டு பேரும் ஒன்றாய் ஏறுவதைக் கண்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன பேதுரு அண்ணன், மொகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டு ஈக்கிறீங்க? பொண்ணு பாக்கப் போற பயணத்துல மாப்பிள்ள சிரிக்கணும்."

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

"ரோட்டுல என்ன ஈக்கி பாக்க, எல்லாம் ஆமி."

கோட்டையில் ஒரு ராணுவ மறிப்பு, காலிமுகத்திடலில் ஒன்று. இரண்டிலும் எட்டிப் பார்த்துவிட்டு விட்டார்கள். பம்பலப்பிட்டியில் எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். இளம் ஆமிக்காரன். முகம் முழுக்க வியர்வை. மூன்று அடையாள அட்டையையும் வாங்கினான். கதிர்காமநாதனுடையதில் தமிழ் எழுத்தும் இருந்தது. வடக்கில் பிறந்தவர்களின் அட்டை அப்படித்தான். மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டான். பிறகு அவர் கையிலிருந்த போத்தலைப் பார்த்தான். லேபல் இல்லாத போத்தல், கறுப்புத் தண்ணி.

"மேக்க மொகத்த?" இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான்.

"ஸ்டவுட், மல்லி" என்று, தம்பி முறை சொல்லிப் பதில் சொன்னான் ஷிப்லி.

ஆமிக்காரன் மூடியைக் கழற்றி மணந்து பார்த்தான். அவனுக்குத் தெரிந்த ஸ்டவுட் மணம் அதில் பாதிதான் இருந்தது. மற்றப் பாதி சாராயமும் மரமும்.

"பீலா பென்னன்ன."

நஞ்சோ வெடிமருந்தோ இல்லையென்று குடித்துக் காட்டு என்கிறான். அந்தக் காலத்தில் போத்தலோடு போகிற எவருக்கும் அது புதிசில்லை. தண்ணிப் போத்தல் கொண்டுபோகிற பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரு வாய் குடித்துக் காட்டும். ஆனால் கதிர்காமநாதனின் முகம் சாம்பல் பூத்ததைப் பேதுரு கண்டான். ஏன் என்று விளங்கவில்லை. என்ன இருந்தாலும் ஒரு ஸ்டோர்ஸ் ஆள். முன்னுக்குப் போய், "மம பொன்னங், மஹத்தயா" என்று, தான் குடிப்பதாய்ச் சொன்னான்.

ஆமிக்காரன் தலையை ஆட்டினான். போத்தல் யாருடைய கையில் இருந்ததோ அந்த ஆள்தான் குடிக்க வேண்டும்.

கதிர்காமநாதன் ஒரு வாய் எடுத்தார். எடுத்து, ஸ்டோர்சில் செய்கிற மாதிரியே வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றார். கண் தானாய் வாளியைத் தேடியது. ஆமிக்காரன் அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கிலின்ன" என்றான். விழுங்கு. கோபமாய்ச் சொல்லவில்லை. தடிமனுக்கு மருந்து கொடுக்கிற மாதிரிச் சொன்னான்.

கதிர்காமநாதன் வீதிக்கு அந்தப் பக்கம், கதிரேசன் கோயில் இருக்கிற திசையை ஒருதரம் பார்த்தார். கண்ணை மூடினார். தொண்டைக் குமிழ் மேலே போய்க் கீழே வந்தது.

ஆள் விழுகிறாரா என்று பார்க்க ஆமிக்காரன் கொஞ்ச நேரம் நின்றான். விழவில்லை. "கொஹொமத?" எப்படி இருக்கிறது என்று சிரித்துக்கொண்டு கேட்டான். கதிர்காமநாதன் வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, யாரோ கூப்பிட்டது கேட்ட மாதிரி நின்றார். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். ஆமிக்காரன் அட்டையைக் கொடுத்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

வேன் வெளிக்கிட்டது. பேதுருவுக்கு மனம் ஒரு மாதிரி இருந்தது. வயசான மனுசனை நடுரோட்டில் வைத்துக் குடிக்கப் பண்ணினது சரியில்லை.

"ஐயா, அவன் சின்னப் பொடியன். மனசில வைக்காதீங்க."

கதிர்காமநாதன் கையை உயர்த்தினார். "கதைக்காதையும்."

மாடி வீட்டுத் தொடர் போனது. மூடிக் கிடந்த தியேட்டர் ஒன்று போனது. ஷிப்லி கண்ணாடியால் அவரைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாய் இருந்தான். வெள்ளவத்தைப் பாலத்தில் வாகனங்கள் நெரிந்து நின்றன. அவர் அப்போதும் வாய் திறக்கவில்லை. பாலம் தாண்டி, சேலைக் கடைகள் தாண்டி, சந்தையடி வந்தபோதுதான் ஒரு பெரிய மூச்சு விட்டார்.

"இப்பதான் முடியுது" என்றார்.

"என்ன முடியுது?"

"உம்மட பீப்பா."

பேதுருவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பம்பலப்பிட்டியில விழுங்கினது, இந்தச் சந்தையடி வரும் மட்டும் நிண்டது" என்றார் கதிர்காமநாதன். "முதல் கசப்பு. பிறகு நெருப்பில வாட்டின தேங்காய்ச் சிரட்டை. பாலத்தடியில சாராயச் சூடு ஒண்டு வந்தது. கடைசியாய் என்னவோ ஒண்டு, அதுக்கு எனக்குப் பேர் தெரியேல்ல. இதெல்லாம் நாக்கில இல்லை, பேதுரு. தொண்டையில இருக்குது."

"அதைத்தானே நான் இவ்வளவு காலமும்... நீங்க ஒருநாளும் விழுங்கினதில்லையா? வீட்டுக்குப் போயும்?"

"ஒரு சொட்டும் இல்லை."

அவர் சொன்னார். இந்த வேலையில் இருக்கிறவருக்குப் பெண் கொடுக்கச் சிவமணியின் தகப்பன் முதலில் மறுத்தாராம். பிறகு கதிரேசன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கற்பூரத்தைக் கொளுத்தி வைத்து, "தொழிலுக்கு வாயில வையும், தம்பி. தொண்டைக்குக் கீழ போகப்படாது" என்றாராம். இவர் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்தாராம். மாமன் செத்து எத்தனையோ காலம். சத்தியம் சாகவில்லை.

"அல்லாவே" என்றான் ஷிப்லி. "ஸ்டோர்சுல ஸ்டவுட் குடிக்காத ஆள் நான் ஒருத்தன்தான்னு பெருமையா நெனச்சிக்கிட்டு ஈந்தேன்."

பேதுரு சிரிக்கவில்லை. அவன் ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். பத்துப் பன்னிரண்டு வருசமாய்க் காத்துக்கொண்டிருந்த சொல்.

"அப்ப அண்டைக்குக் காணுக்குள்ள ஊத்தினது?"

கதிர்காமநாதன் யன்னலால் வெளியே பார்த்தார். "நடுவில கயர்ப்பு இருக்குது. அது இண்டைக்கும் இருக்குது. ஏதோ ஒரு பலகையை நீர் வடிவாய் வாட்டேல்ல. நான் சொன்னதில பிழையில்லை."

"பிழையில்லையா?"

"பாதி பிழையில்லை."

அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை, அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

முதலாளி கட்டிலில் கால் நீட்டி இருந்தார். "கோடோ, வட்டமோ?" என்று கேட்டார்.

"வட்டம். ஒரு பலகை மாத்தவேணும்."

"அது முந்தி நீர் கோடு போட்ட பீப்பாவெல்லே?"

"ஓம்."

"அப்ப இப்ப எப்பிடி வட்டம்?"

கதிர்காமநாதன் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். சொல்லிவிட்டு, "இந்தச் சாமானுக்கு இனி நான் தீர்ப்புச் சொல்ல ஏலாது, முதலாளி. துப்பிப்போட்டுச் சொன்னால் பொய். விழுங்க என்னால ஏலாது" என்றார்.

பேதுரு அவரைத் திரும்பிப் பார்த்தான். பீப்பாவுக்கு வட்டம் விழுந்த அதே வாயால், இனி வட்டம் போட ஆளில்லை என்கிறார். ருசி பார்க்க ஆளில்லாவிட்டால் முதலாளி புதுப் பீப்பா நிரப்ப மாட்டார். முதலாளி, "யோசிச்சு நாளைக்கு வந்து சொல்லும்" என்று அனுப்பிவிட்டார்.

கதிர்காமநாதனின் வீடு அடுத்த லேனில், மேல் மாடியில். பேதுருவையும் கூட்டிக்கொண்டு படியேறினார். வாசலில் செருப்பைக் கழற்ற முதலே மனிசியிடம் சொல்லிவிட்டார்: "சிவமணி, நான் இண்டைக்கு விழுங்கிப்போட்டன்."

சிவமணி கையிலிருந்த சுளகை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டா. குண்டான, அமைதியான மனிசி. கேட்டு முடிந்ததும், "ஆமிக்காரன்ர துவக்குக்கு முன்னால விழுங்கினது அவன்ர கணக்கு" என்றா. "அப்பாவிட்டச் செய்த சத்தியம் உங்கட கணக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ."

"அப்ப இனி?"

"இனி இல்லை."

"அதுதான் நானும் முதலாளியிட்டச் சொன்னனான். வேலையை விடவேண்டியதுதான்."

சிவமணி பேதுருவைத் திரும்பிப் பார்த்தா. "தம்பி குடிக்கிறவரோ?"

இந்தக் கேள்விக்கு வேறு வீடென்றால் வேறு பதில் சொல்லியிருப்பான். "குடிப்பன், அம்மா" என்றான்.

"கருவாட்டுச் சம்பல் தம்பி நீர்தானே?"

பேதுரு தலையைக் குனிந்தான்.

"அப்ப பிறகேன் யோசனை? தம்பி விழுங்கட்டும். நீங்கள் பக்கத்தில நிண்டு கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சுளகை எடுத்தா.

*

அப்படித்தான் நடந்தது. மண்டபம் பருப்புக்குப் போகவில்லை. புதிதாய் நாலு பீப்பா நிரம்பியது. திறக்கிற நாளில் கதிர்காமநாதன் மணப்பார், வாயில் எடுப்பார், துப்புவார். முன்னுக்கும் நடுவுக்கும் அவர் சொல்லுவார். பிறகு கிளாசைப் பேதுருவிடம் கொடுப்பார். பேதுரு விழுங்குவான். பின்னுக்கு அவன் சொல்ல வேண்டும்.

முதல் நாளே சண்டை.

"எப்பிடி?"

"நல்லா இருக்குது."

"நல்லா எண்டா?"

"நல்லா எண்டா நல்லாத்தான், ஐயா."

"உம்மட மனிசி வைக்கிற மீன்குழம்பும் நல்லா, அந்தோனியார் கோயில் பாட்டும் நல்லா. ரெண்டும் ஒண்டோ? என்ன மாதிரி எண்டு சொல்லும்."

பேதுருவுக்கு வியர்த்தது. பாரம் தூக்கச் சொன்னால் தூக்கலாம். இது என்ன வேலை? கண்ணை மூடி யோசித்து, "மழை பெஞ்ச பிறகு ஹார்பர்ல கட்டியிருக்கிற பெரிய கயிறு" என்றான்.

"அந்தக் கயிற்றை நீர் சப்பினனீரோ?"

"இல்ல. பக்கத்தால போகேக்க வாற வாசம்."

கதிர்காமநாதன் சிரிக்கவில்லை. "அதுதான். அண்டைக்கு எனக்குப் பேர் தெரியாமல் போனது அதுதான்" என்றார்.

எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு வந்துவிட்டது. மணிக்கூடு பார்த்துக்கொண்டு நின்றால் ருசி ஓடிவிடும் என்றான் பேதுரு. அதனால் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, பம்பலப்பிட்டியிலிருந்து அன்றைக்கு வேன் போன வழியை மனதுக்குள் ஓட்டினார்கள். மாடி வீட்டோடு இறங்குகிற ஸ்டவுட்டுக்குக் கோடு. பாலம் மட்டும் வந்தால் இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும். சந்தையடி மட்டும் போனால் வட்டம். ஷிப்லி உள்ளே எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் இப்ப எந்த பஸ் ஹோல்ட்டுல நிக்கிறீங்க? சீட் கெடச்சிச்சா?" என்று கேட்பான். அவனைத் துரத்துவதில் மட்டும் இரண்டு பேரும் எப்போதும் ஒற்றுமை.

பேதுரு சலூனில் அந்தப் பழைய கதையைச் சொல்வதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போது அவன் சொன்னதற்கு ஒருத்தன், "ஓமோம், துப்புற மனுசனுக்கு என்ன தெரியும்" என்று ஒத்துப் பாடினால், "உனக்கு என்ன தெரியும்? முன்னுக்கும் நடுவுக்கும் அவரை மிஞ்ச ஆளில்ல" என்று பாய்ந்தான்.

கதிர்காமநாதன் நெஞ்சு வருத்தத்தில் படுத்தது இரண்டாயிரத்தில். அதிகம் வருந்தவில்லை, ஒரு விடியற்காலையில் போய்விட்டார். பொரளையில் எரித்தார்கள். வழியில் மூன்று இடத்தில் மறித்தார்கள். பேதுரு ஒவ்வொரு இடத்திலும் இறங்கிச் சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் போக வேண்டியிருந்தது. முதலாளியின் மகன் வந்து தோளில் தட்டினான். பேதுரு அழவில்லை. அவனுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது, அவர் வந்து சொல்லச் சொன்ன ஒரு பதில்.

அவர் போவதற்கு இரண்டு நாளைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வெள்ளவத்தை வீட்டுக்குப் போயிருந்தான். அந்தப் பழைய பீப்பாவை அந்த வாரம்தான் திறந்திருந்தார்கள். காற்சட்டைப் பையில் ஒரு சின்ன மருந்துப் போத்தல்.

சிவமணி வாசலில் மறித்தா. "டொக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒண்டும் குடுக்கப்படாது."

"அவருக்கில்ல, அம்மா. எனக்கு."

சிவமணி வழிவிட்டா. பின்னால் வந்துகொண்டே, "நீர் வருவீர் எண்டு தெரிஞ்சு காலமையிலயிருந்து பாணும் வாழைப்பழமும்தான்" என்றா. "கஞ்சி வைச்சனான், உப்புக்கூடப் போடவேண்டாமாம்."

அவர் சாய்வுக் கதிரையில் இருந்தார். நெற்றியில் திருநீறு மட்டும். கீழே கடற்கரையோரம் ரயில் ஒன்று போனது. அது போய் முடியும்வரை பொறுத்திருந்து கையை நீட்டினார். கிளாசில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தான். இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துச் சூடாக்கினார். மணந்தார், ஒரு வாய் எடுத்தார். சிவமணி ஒரு சின்னக் கிண்ணத்தைக் கிட்டப் பிடித்தா. துப்பினார்.

"முன்னுக்கு அதே இனிப்பு" என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "நடுவில கயர்ப்பு இல்லை. பலகை மாத்தினனீர்."

"போன வருசம்."

"சொல்லேல்ல?"

"நீங்க சொல்லுவீங்களோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

அவர் உதட்டோரத்தில் என்னவோ அசைந்தது. பேதுரு மிச்சத்தை விழுங்கக் கிளாசை வாங்கினான். அவர் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"இஞ்ச விழுங்காதையும். மனசுக்குள்ள எத்தினை நாளைக்குப் பஸ் ஓடுறது? போத்தலுக்குள்ள விட்டுக்கொண்டு போம். பம்பலப்பிட்டிக்கு நடந்துபோய், அண்டைக்கு மறிச்ச இடத்தில நிண்டு விழுங்கிப்போட்டு இஞ்சால வாற பஸ்ஸில ஏறும். யன்னல் பக்கம் இரும், ஒருத்தரோடையும் கதைக்காதையும். எவடத்தில முடியுதெண்டு பாத்துக்கொண்டு, நாளைக்கெண்டாலும் நாளையிண்டைக்கெண்டாலும் வந்து சொல்லும்."

"சரி, ஐயா."

பேதுரு படியில் பாதி இறங்கிவிட்டான். மேலேயிருந்து குரல் வந்தது, ஸ்டோர்சில் கேட்கிற அதே குரல்.

"பேதுரு, நல்லா இருந்தது எண்டு மட்டும் வந்து சொல்லாதையும்."